நகல்களிலிருந்து மீண்ட படம்

அரச வரவேற்பொன்றில் நெடுநேரம் நின்று விருந்தினர்களுக்குக் கைகொடுத்துக் களைத்துப்போன இளவரசி, நிலம் தொடும் கவுணுக்குள்ளே ஒரு சப்பாத்தை மெல்லக் கழற்றி, நொந்த பாதத்தை மற்றக் காலில் தேய்த்து ஆற்றிக்கொள்கிறாள். திரும்ப மாட்ட முனையும்போது சப்பாத்து சரிந்து விழுந்து, கால்விரலுக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. முகத்தில் புன்னகை மாறவில்லை. கவுணுக்குள்ளே கால் மட்டும் துழாவிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத என் அம்மா, நான் எதையும் விளக்கிச் சொல்வதற்கு முன்பே வாய்விட்டுச் சிரித்தார். "மணவறையில எனக்கும் இப்பிடித்தான், பிள்ளை. கால் விறைச்சுப் போய்ச் சீலைக்குள்ள மெல்ல நீட்டினனான், பிறகு மடக்க ஏலாமல் போச்சு" என்றார். அம்மாவின் கலியாணத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் கேட்டிருக்கிறேன். இந்தக் கதையை அன்றுதான் கேட்டேன்.

அந்தப் படம், வில்லியம் வைலர் இயக்கி 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோமன் ஹொலிடே'. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி, அதன் புதுப்பிக்கப்பட்ட புளூ-ரே இறுவட்டையும் அதைப் போடும் சிறிய கருவியையும் எனக்கென்று கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். இந்தப் படத்தில் எனக்குள்ள பற்று அவனுக்குத் தெரியும். சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கிவந்த ஒரு வீசீடீயில், ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே இதை முதன்முதலாகப் பார்த்தேன். பிரதிக்குப் பிரதி எடுத்து, அதற்கும் பிரதி எடுத்த வட்டு அது. வெள்ளையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் போலவும், கறுப்பெல்லாம் கரிச்சட்டியின் அடி போலவும் இருந்தன; இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. தூரத்தில் வரும் ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அப்படியிருந்தும், அரண்மனைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பி ஒரே ஒரு நாள் ரோம் நகரத் தெருக்களில் சாதாரணப் பெண்ணாகத் திரியும் இளவரசியும், அவள் யாரென்று தெரிந்துகொண்டே தெரியாதவன் போலக் கூடத் திரியும் பத்திரிகைக்காரனும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது பார்க்கும்போது அந்த இடைவெளி நிரம்பியிருக்கிறது. கறுப்பு வெள்ளை என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, உண்மையில் அது சாம்பல் நிறத்தின் நூறு படிகள். காலை வெயிலில் கல்லுத் தெருவின் ஈரமும், இளவரசி முழங்கைவரை மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்பும், சலூனில் முடி வெட்டப்பட்ட பிறகு வெறுமையாகத் தெரியும் பிடரியும் தனித்தனியாகத் தெரிகின்றன. படச்சுருளுக்கே உரிய மணல் போன்ற நுண்துகள்களைத் துடைத்து அழிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் துகள்களைத் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும்.

இவ்வளவு தெளிவும் மூல நெகட்டிவிலிருந்து வந்ததல்ல. மூல நெகட்டிவ் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டதால், அதிலிருந்து முன்பு எடுக்கப்பட்ட நகல் நெகட்டிவ் ஒன்றையும் நுண்துகள் பிரதி ஒன்றையும் வைத்தே பரமவுண்ட் நிறுவனம் படத்தைப் புதுப்பித்து, 2020ஆம் ஆண்டு வீட்டில் பார்ப்பதற்கான புளூ-ரேயாக வெளியிட்டது. படத்தின் நீளம் ஏறக்குறைய 118 நிமிடங்கள். விநாடிக்கு 24 சட்டகங்கள் என்று கணக்குப் பார்த்தால் ஓர் இலட்சத்து எழுபதாயிரம் அளவில் வரும். அத்தனையையும் கணினியில் ஏற்றி, கீறலையும் தூசியையும் ஆட்டத்தையும் சரிசெய்திருக்கிறார்கள். மூலம் போய்விட்டது, ஆனால் யாரோ ஒருவர் முன்யோசனையாக ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தார் என்ற இந்தச் செய்தி, வன்னியில் இருக்கிற எங்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

எங்கள் வீட்டுப் படங்கள் 2009இல் போயின. 2008ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது ரங்குப்பெட்டியில் இருந்த அல்பங்கள், தருமபுரத்தில் உரப்பைக்குள் மாறின. புதுக்குடியிருப்புக்கு வரும்போது அட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் படங்களை மட்டும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டோம். அதற்கப்பால் அந்தப் பொலித்தீனும் வந்து சேரவில்லை. அம்மாவின் கலியாணப் படங்களில் இன்று இருப்பவை மூன்று. எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போன சித்திக்கு அம்மா கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய நகல்கள் அவை. சித்தி அவற்றை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் கவனமாக வைத்திருந்து, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பக் கொண்டுவந்து தந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படிப் படம் திரும்பி வந்த வீடுகள் பல. வெளிநாட்டுக்குப் போனவர்கள் கொண்டுபோன படங்கள்தான் இங்கே இருந்தவர்களின் படங்களாக இன்று சுவரில் தொங்குகின்றன.

அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். வந்த படத்தைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கூறைக்கு அரக்குச் சிவப்பு பூசியிருந்தார்கள். பின்னால் இருந்த வாழைமரத்தையும் ஓலைப்பந்தலையும் எடுத்துவிட்டு, எங்கேயோ உள்ள நீர்வீழ்ச்சி ஒன்றை வைத்திருந்தார்கள். அம்மாவின் நாடிக்குக் கீழே உள்ள மச்சம், கீறல் என்று எண்ணப்பட்டு அழிக்கப்பட்டிருந்தது. "இது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். செய்தவர் அன்போடுதான் செய்திருந்தார். அழகாக்கிக் கொடுத்தால் நாங்கள் மகிழ்வோம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் பழுதைத் திருத்துவது வேறு, ஆளை மாற்றுவது வேறு. நல்ல காலத்துக்கு நகல் கையில் இருந்ததால் இரண்டாம் முறை, மடிப்புக் கோட்டையும் தண்ணீர்க் கறையையும் மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டு, மச்சத்தோடு அம்மாவைத் திரும்பப் பெற்றோம். ரோமன் ஹொலிடேயைப் புதுப்பித்தவர்கள் அதற்கு நிறம் பூசவில்லை என்பதை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் படம் கறுப்பு வெள்ளையானதற்கும் ஒரு காரணம் உண்டு. ஹொலிவூட்டிலேயே ரோம் நகரைச் செற் போட்டு எடுக்கலாம் என்ற யோசனையை வைலர் ஏற்கவில்லை. உண்மையான ரோமுக்குப் போய்த்தான் எடுப்பேன் என்று நின்றார். அந்தச் செலவுக்கு ஈடாக வண்ணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கிய கறுப்பு வெள்ளைக்கு மேலே இன்று யாரும் சாயம் பூசக் கூடாது.

படம் நடுப்பகுதிக்கு வந்தபோது அம்மா ஒன்று சொன்னார். "வடிவான பிள்ளை. ஆனால் சாப்பாடில்லாமல் கிடந்து எழும்பின உடம்பு." இளவரசியாக நடித்த ஒட்ரி ஹெப்பேர்னின் கழுத்தெலும்பைப் பார்த்துச் சொன்ன சொல் அது, பழைய வீசீடீயில் அந்த எலும்பு தெரிந்திருக்காது. நான் திகைத்துப் போனேன். 1929இல் பிறந்த ஹெப்பேர்ன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தை நெதர்லாந்தில் கழித்தவர். 1944-45 மாரியில் ஜேர்மன் படைகள் உணவுப் பாதையை அடைத்தபோது அங்கே பஞ்சத்தால் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். துலிப் பூக்கிழங்கை அரைத்த மாவில் செய்ததைத் தின்று காலம் தள்ளிய சிறுமிகளில் அவரும் ஒருவர். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1952 கோடையில், ரோமின் ஸ்பானியப் படிகளில் நின்று அவர் ஐஸ்கிரீம் சாப்பிடும் காட்சி படமாக்கப்பட்டது. இதையெல்லாம் சொன்னதும் அம்மா தலையை மட்டும் ஆட்டினார். முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தப் படத்தில் திருத்தப்பட்டது ஒளியும் நிழலும் மட்டுமல்ல. கதையை எழுதியவர் டால்ரன் ட்ரம்போ. 1947இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனவர். ஹொலிவூட் அவரைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்ததால், நண்பர் இயன் மக்லெலன் ஹன்ரரின் பெயரில்தான் கதை வெளிவந்தது. சிறந்த கதைக்கான ஒஸ்கார் விருதும் ஹன்ரரின் பெயருக்கே போயிற்று. ட்ரம்போ 1976இல் இறந்தார். விருது 1993இல்தான் அவருடைய மனைவியின் கைக்கு வந்தது. திரைக்கதை எழுதியவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுத்தாளர் சங்கம் 2011இல் திரும்பச் சேர்த்தது. ஒரு சட்டகத்திலிருந்து தூசியை எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு பெயரை அதன் இடத்தில் திரும்ப எழுத ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உண்மை வாய்க் காட்சி வந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்யரின் கையைக் கடித்துவிடும் என்று சொல்லப்படும் கல்முகத்தின் வாய்க்குள், பத்திரிகைக்காரனாக நடிக்கும் கிரெகரி பெக் கையை விட்டு, அலறி இழுக்கிறார். சட்டைக் கைக்குள் கையை ஒளித்துக்கொள்ளப் போகிறேன் என்று அவர் ஹெப்பேர்னுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைக் கண்டு ஹெப்பேர்ன் அலறும் அலறல் நடிப்பல்ல. அதற்குப் பின் வரும் சிரிப்பும், பொய்யிலே தொடங்கிய அந்த நட்பு காதலாக மாறுவதும் ஒரே காட்சியில் நடந்துவிடுகின்றன.

கடைசியில் இளவரசி அரண்மனைக் கூடத்தில் செய்தியாளர்களைச் சந்திக்கிறாள். முந்திய நாள் முழுவதும் சிகரெற் லைற்றருக்குள் ஒளித்த கமராவால் அவளைக் களவாகப் படமெடுத்த, பத்திரிகைக்காரனின் நண்பன் அர்விங், அந்தப் படங்களையெல்லாம் ஓர் உறைக்குள் இட்டு, ரோம் நகரின் நினைவாக என்று அவளிடமே கொடுத்துவிடுகிறான். பெரும் பணத்துக்கு விற்றிருக்கலாம், விற்கவில்லை. எல்லோரும் போன பிறகு பெக் அந்த நீண்ட கூடத்தில் தனியாக நடந்து வருகிறார். காலடி ஓசை மட்டும் கேட்கிறது.

"அப்ப அவனிட்ட அவளின்ர ஒரு படமும் இல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. எல்லாத்தையும் குடுத்திட்டாங்கள்."

அம்மா எழுந்து மின்விளக்கைப் போட்டார். சுவரில் இருந்த தன்னுடைய கலியாணப் படத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெகட்டிவ் அந்தப் படம் பிடிச்ச பெடியனிட்டத்தானே இருக்கும்" என்றார். "அவன் அதைக் கவனமா வைச்சிருப்பான்."