ருக்குனி சேரும் காணி உறுதியும்

நம் கல்லூரி ஆசிரியர்களைப் பற்றி இந்த மலரில் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, அப்பாவின் வேலையோடு ஹராரேக்குப் போய்ச் சேர்ந்தபின், சிம்பாப்வே பல்கலைக்கழகத்தில் எனக்கு வேளாண் பொருளியல் படிப்பித்த பேராசிரியர் மண்டிவம்பா ருக்குனி சேரைப் பற்றி.

எண்பதுகளில் அங்கே எங்கும் சோளப் பேச்சுத்தான். 1980இல் சுதந்திரம் கிடைத்தபோது சந்தைக்கு வந்த சோளத்தில் கறுப்பினச் சிறு விவசாயிகளின் பங்கு 10 வீதத்துக்கும் குறைவு. சில ஆண்டுகளில் அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. இதை அற்புதம் என்றே பலரும் எழுதினார்கள். ருக்குனி சேரும் அமெரிக்கப் பொருளியலாளர் கார்ல் ஐக்கரும் 1994இல் தொகுத்த நூல் அற்புதத்துக்குக் கணக்குக் காட்டியது: 1932இல் தொடங்கிய கலப்பின விதை ஆராய்ச்சி, கடன், விவசாயிகளுக்கு ஆலோசனை சொன்ன விரிவாக்க அலுவலர்கள், கிராமப் பக்கம் வந்த கொள்வனவு நிலையங்கள். சேருடைய சொந்த ஆய்வு சிறு விவசாயிகளின் நீர்ப்பாசனத்தில்.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை காணிதான். சுதந்திரத்தின்போது சுமார் 6,000 வெள்ளையர் பண்ணைகளிடம் 1.5 கோடி ஹெக்டேயருக்கு மேல் இருந்தது. கிட்டத்தட்ட அதேயளவு பொதுநிலத்தில், அதுவும் பெரும்பாலும் மழை குறைந்த இடங்களில், சுமார் 7 இலட்சம் கறுப்பினக் குடும்பங்கள். அந்தப் பொதுநிலமும் சட்டப்படி அரசுத் தலைவர் பெயரில்! 1993இல் அரசு அமைத்த காணி உரிமை ஆணைக்குழுவுக்குச் சேர்தான் தலைவர்.

யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லவா வேண்டும்? உறுதி இல்லாத காணியில் எவன் கிணறு வெட்டுவான்? நாங்கள் படித்த பாடநூல்களும் தனியுரிமைப் பத்திரத்தைத்தான் தூக்கிப் பிடித்தன. ஆணைக்குழு கிராமங்களுக்குப் போய்க் கேட்டுவிட்டு 1994இல் வேறு மாதிரிச் சொன்னது. ஊர் வழக்கமே குடும்பத்துக்குப் போதிய பாதுகாப்புத் தருகிறது, பிள்ளைகளுக்கும் காணி போய்ச் சேருகிறது. குறை, சட்டம் அதை மதிக்காததுதான். ஆகவே அரசு உரிமையை விட்டுக் கிராமங்களிடமே கொடுக்கட்டும். பொருளியலாளர் ஒருவர் தலைமையில் இப்படி ஓர் அறிக்கை வந்தது இன்றும் எனக்கு வியப்புத்தான்.

அப்புறம் அவர் அமெரிக்காவின் கெலொக் அறக்கட்டளையின் ஆப்பிரிக்கப் பணிகளுக்குப் பொறுப்பாகப் போனார்; ஆப்பிரிக்கக் குடும்பம், மரபு பற்றியும் எழுதினார். அறிக்கையின் முக்கிய பரிந்துரையோ அலுமாரிக்குள் போனது. 2000இலிருந்து வெள்ளையர் பண்ணைகள் பறிக்கப்பட்டுக் கறுப்பினத்தவருக்குப் பகிரப்பட்டன. பெற்றவர்களுக்கு 2006இல் அரசு 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் நீட்டியது. அதை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வங்கிகள் மறுத்தன.