‘ப… ட… இம்’

என் மகள் ஐந்து வயது நிறைவதற்கு முன்பே உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிடுவாள். அதனால் அவளுக்கு வாசிக்கவும் தெரியும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை ஒரு தாளில் ‘படம்’ என்று பெரிதாக எழுதி அவள் முன் வைத்தேன். ஒவ்வோர் எழுத்தின்மீதும் விரலை வைத்து, “ப… ட… இம்” என்றாள். சேர்த்துச் சொல்லச் சொன்னேன். “படயிம்” என்றவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “படயிம்னா என்னப்பா?” என்று கேட்டாள்.

பிழை அவளுடையதன்று. புள்ளி எழுத்துகளைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால், ‘இக்’, ‘இம்’, ‘இல்’ என்று முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு நிறுத்திச் சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்தின் பெயரில் இருக்கிற அந்த இகரம் சொல்லுக்குள் இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். உயிரெழுத்திலும் உயிர்மெய்யிலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ‘ப’ என்பதன் பெயரும் ஒலியும் ஒன்றே. குழந்தை தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் புள்ளிதான்.

அன்றிலிருந்து ‘இம்’ என்ற பெயரைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வைத்தேன். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகினால் அதுவே ம். அதேபோல ல், ர், ன் ஆகியவற்றையும் இழுத்து ஒலிக்க முடியும். க், ட், ப் ஆகியவற்றை இழுக்க முடியாது. நல்ல வேளையாக, தமிழ்ச் சொற்கள் முடிகிற புள்ளி எழுத்துகள் பெரும்பாலும் இழுக்கக்கூடியவையே. வல்லின மெய்யில் நம் சொற்கள் முடிவதில்லை. ஆகவே தொடக்கத்தில் ம், ல் என்ற இரண்டு போதும் என்று முடிவு செய்து, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஏழு சீட்டுகள் செய்தேன்: ப, ட, ம, ர, க, ம், ல். இவற்றைக் கொண்டே படம், மரம், மடம், கரம், ரகம், கல், பல், பகல், கடல், மடல் என்று பத்துச் சொற்கள் கிடைத்துவிட்டன. 247 எழுத்துகளும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. அந்த 247-இல் ஒன்றான ‘ஙௌ’ வருகிற ஒரு சொல்லைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. ‘அ – அணில்’ என்று தொடங்கும் சுவர் அட்டையும் அப்படித்தான். அ-வை மட்டும் அறிந்த குழந்தைக்கு அதில் இருக்கும் ‘ணி’யும் ‘ல்’லும் வெறும் கோடுகளே.

சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விளையாட்டுதான் ஆடினோம். ‘கல்’ என்று வைப்பேன். அவள் வாசித்ததும் க-வை எடுத்துவிட்டு ப-வை வைப்பேன். ‘பல்’. நடுவில் க-வைச் செருகினால் ‘பகல்’. முதல்முறை அவள் அதைக் ‘கல்’லில் வரும் வல்லோசையோடு வாசித்துவிட்டு, ஒரு நொடி நின்று, தானாகவே “பகல்!” என்று திருத்திக்கொண்டாள். சொல்லின் நடுவில் க மெலிந்து ஒலிக்கும் என்ற விதியை நான் சொல்லவில்லை. பேசும்போது தினமும் கேட்கிற சொல் என்பதால் காதே திருத்திவிட்டது. அதனால்தான் அவளுக்குத் தெரியாத சொல் எதையும் முதல் மாதத்தில் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். மடல், ரகம் இரண்டையும் பொருள் சொல்லி அறிமுகப்படுத்திய பிறகே வைத்தேன்.

அடுத்துத் துணைக்காலுக்கு மட்டும் தனிச்சீட்டு செய்தேன். கல் – கால், பல் – பால், படம் – பாடம். அந்தச் சீட்டை வைப்பதும் எடுப்பதுமாகவே அரைமணி நேரம் போயிற்று. நடுவில் வரும் ஒற்று இதைவிடக் கடினம். ‘எடு’, ‘எட்டு’ இரண்டையும் அவள் ஒரே மாதிரி வாசித்தாள். எழுத்தைக் காட்டாமல் கைதட்டிச் சொல்ல வைத்தேன்: ‘எ-டு’வுக்கு இரண்டு தட்டு, ‘எட்-டு’வுக்கும் இரண்டுதான், ஆனால் முதல் தட்டில் கை ஒரு கணம் ஒட்டி நிற்கும். அந்த நிற்றல்தான் ட் என்று அவளே கண்டுகொண்டாள். இதன் பிறகு பத்து, பந்து என்ற இணைக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கொம்பில் நான் ஒரு தவறு செய்தேன். துணைக்காலைப் போலவே ஒற்றைக் கொம்பையும் தனிச்சீட்டாக வெட்டினேன். ‘செடி’யில் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ ச-வுக்குப் பிறகு வருகிறது, இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்ற குழந்தை கொம்பை முதலில் ஒலிக்க முயன்று “எ… ச…” என்று திணறியது நியாயமே. கொ, கோ இன்னும் மோசம், அவற்றின் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கும். இப்போது செ, கொ, கை ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஒரே சீட்டாகத்தான் வைத்திருக்கிறேன். ஐகாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பிருந்த தொல்லை இப்போது இல்லை. ணை, லை, ளை, னை நான்கையும் துதிக்கை போன்ற வளைவோடு எழுதிய வழக்கு, 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதோடு மாறிவிட்டது.

படம் போட்ட புத்தகங்களில் அவள் வாசிக்கிறாளா, ஊகிக்கிறாளா என்பது தெரியாது. ‘குருவி’ என்று அச்சாகியிருந்த பக்கத்தில் “பறவை” என்று தயங்காமல் சொன்னாள். அதனால் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சொல்லை வாசிக்க வைப்பேன்; வாசித்து முடித்ததும் கையை எடுப்பேன். படம் அப்போது பரிசாகிவிடும்.

இப்போது உகர வரிசையில் இருக்கிறோம். கு, சு, து ஒவ்வொன்றும் தனித்தனி உருவம் எடுப்பதால் வரிசையாகக் கற்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, குடம், சுவர், துணி, புலி என்று சொல்லாகவே கொடுக்கிறேன். நேற்று அவள் பழைய சீட்டுகளை எடுத்து ‘மகடம்’ என்று அடுக்கி, என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “அப்படின்னா என்ன?” என்று கேட்டேன். “தெரியாது, ஆனா நீங்க சரியா வாசிச்சிட்டீங்க” என்றாள்.