பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள்

கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்று கைமாறினால் மேஜை, நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடும். கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கக் கதவோரம் கிடக்கும் வார்ப்பிரும்பு டோர் ஸ்டாப்பரை மட்டும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசியில் அது பழைய இரும்புக்கடைத் தராசில் ஏறிவிடும். அந்தத் தராசிலிருந்து சிலவற்றை இறக்கி வாங்கி வந்திருக்கிறேன். என் வேலைக்காலம் முழுக்கக் கோயம்புத்தூர் பவுண்டரியில் வார்ப்படம் சோதிப்பதில் போனது. அதனால் எந்த இரும்புப் பொம்மையைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கும்.

நம் ஊரில் இந்தப் பொருள்கள் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் வந்தது. இங்கிலாந்துக்காரர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் போன்ற வார்ப்பாலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே டோர் ஸ்டாப்பர் வார்த்தன. அமெரிக்காவில் 1920, 30-களில்தான் இதற்குப் பெரிய மோகம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஹப்ளி, கனெக்டிகட்டின் மெரிடனில் பிராட்லி அண்ட் ஹப்பார்ட் எனப் பல கம்பெனிகள் நாய், பூக்கூடை, குடிசை என்று வார்த்துத் தள்ளின. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இரும்பு போர்த் தேவைக்குப் போய்விட்டது.

செண்பகனூரிலிருந்து ஒரு அக்கா போன மாதம் ஒரு நாய் டோர் ஸ்டாப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாஸ்டன் டெரியர் இனம், நின்ற நிலை, ஏறக்குறைய 10 அங்குல உயரம். அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அவர்கள் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

"தம்பி, இதுக்கு நல்லா கறுப்புப் பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சுக் குடுங்க. பேத்தி நிச்சயதார்த்தம் வருது, ஹால்ல வைக்கணும்" என்றார்.

"அடிக்கலாம் அக்கா. முதல்ல இது என்னன்னு பார்த்துருவோம்" என்று நாயை மல்லாத்தினேன்.

இந்த வகை நாயை இரண்டு பாதியாக வார்த்து, நடுவில் ஒரு திருகு போட்டு இணைப்பார்கள். முதலில் அந்த இணைப்பில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய வேலையில் இரண்டு பாதியும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். பிற்காலப் போலிகளில் இடைவெளி தெரியும், சில இடத்தில் ஒரு பாதி மற்றதைவிட வெளியே துருத்தும். அப்புறம் திருகு. இதில் ஒற்றைக் கோடு போட்ட தலை. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகு 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கண்டால் சந்தேகப்படலாம். யாராவது பின்னால் மாற்றியிருக்கவும் கூடும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விட மணல்தான் சாட்சி. அந்தக் காலத்தில் இதுபோன்ற சாமான்களை வார்க்கும் அச்சுக்கு நைசான மோல்டிங் மணல் போட்டார்கள், வார்த்த பிறகு ஓரங்களைப் பொறுமையாகத் தேய்த்தார்கள். பெயின்ட் இல்லாத உட்புறத்தைத் தொட்டால்கூட வழவழப்பு இருக்கும். இப்போது அவசரத்தில் வார்க்கும் நகலில் மேற்பரப்பு ரவையைத் தொட்ட மாதிரி நறநறக்கும், ஓரத்தில் கிரைண்டர் வீல் இழுத்த கோடுகள் ஒரே திசையில் வரிவரியாகத் தெரியும். பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் இந்தக் கோடு மறையாது.

அளவும் பொய் சொல்லாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்று பவுண்டரியில் கணக்கு வைப்போம், சுமாராக 100-க்கு 1. மணலில் பதித்து அச்செடுக்கும் மாதிரியைப் பேட்டர்ன் என்போம். புதிதாக பேட்டர்ன் செய்பவர் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துப் பெரிதாகச் செய்வார். ஒரிஜினல் பொம்மையையே பேட்டர்னாக மணலில் பதித்து நகல் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. 10 அங்குல நாய் இரண்டரை மில்லிமீட்டர் குட்டையாகிவிடும், கழுத்துப்பட்டை, கண்ணிமை, பாத விரல் எல்லாம் மழுங்கிவிடும். ஒரிஜினலின் அளவு தெரிந்திருந்தால் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி ஒன்று போதும்.

துருவைப் பற்றி எல்லோரும் ஒரு விதி சொல்வார்கள்: கரும்பழுப்பு பழசு, ஆரஞ்சு புதுசு. கீழே சமவெளியில் சரி. கொடைக்கானல் பனியில் நூறு வருஷப் பொருளிலும் போன மழைக்காலத்து ஆரஞ்சுத் துரு இருக்கும். நான் எங்கே துரு இருக்கிறது, எங்கே பெயின்ட் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். தூக்கப் பிடிக்கும் முதுகு, காலால் தள்ளும் பக்கம், தரையில் உரசும் அடி: இவைதான் தேய வேண்டும். யார் கையும் படாத வயிற்று மடிப்பில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. கடைசியாக இருட்டில், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் அடிப்பேன். பிற்காலப் பெயின்ட் பலவும் பளிச்சென்று தனியாகத் தெரியும். அக்காவின் நாயில் ஒரு முன்காலில் மட்டும் ஒரு திட்டு ஒளிர்ந்தது. பாக்கி உடம்பெல்லாம் அந்தக் காலத்துப் பெயின்ட்தான்.

அதற்கு மேல் கறுப்பு அடிக்க எனக்குக் கை வராது. இந்தப் பொருளைத் தேடி வாங்குகிறவர்கள் முதல் பெயின்டுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். அது போனால் திரும்பாது. விலையை விடுங்கள், அதைக் கையால் பூசியவர் ஒருவர் இருக்கிறார். அக்காவை உட்காரவைத்து அவர் கண்முன்னாலேயே நெஞ்சுப் பகுதியைக் கொஞ்சம் துடைத்தேன். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் (ஆசிட் அல்ல) ஒரு சொட்டு மைல்டான சோப்பு, காது குடையும் பஞ்சுக்குச்சி. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் வைத்து நிறம் பஞ்சில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அடுப்புப்புகை அழுக்குப் போனதும் வெள்ளை நிறம் பாலாடை மஞ்சளாக மேலே வந்தது. கறுப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில், தூரிகையை எடுத்த இடத்தில் மெல்லிய இழை இழையாக மூன்று நான்கு கோடுகள். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "கையால வரைஞ்சிருக்காங்களே" என்றார். அதோடு கறுப்புப் பெயின்ட் பேச்சு முடிந்தது.

துடைத்த ஈரம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. உடனே உலர்ந்த துணி, அப்புறம் வெயில். பெயின்ட் இல்லாத உட்புறத்துத் துருவுக்கு நான் கடுக்காய் வைத்திருக்கிறேன். உதிரும் துருவைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைத் தடவினால் துரு கருநீலமாக மாறி இறுகும். கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வருவது அந்த நிறம். நம் காடுகளில் வாட்டில் மரத்தை வளர்த்ததும் தோல் பதனிட அதன் பட்டையில் இருக்கும் டானினுக்காகத்தான். பெயின்ட் மேல் மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது, கறை போகாது.

சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டு பேட்டரி சார்ஜர் இணைத்துத் துரு எடுக்கும் முறை துருவை அழகாக எடுக்கும், கூடவே பெயின்டையும் எடுத்துவிடும். முழுக்கப் பெயின்ட் போன பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று முக்கியம்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடு காட்டி உரிக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உதிரும் பெயின்ட் பொம்மையைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

காது, வால் உடைந்திருந்தால் சாதாரண ராடு போட்டு வெல்டிங் வைக்கக் கேட்காதீர்கள். வார்ப்பிரும்பில் கரி அதிகம், வெல்டிங் சூடு பட்டு ஆறும்போது பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் ராடும் முன்சூடும் வேண்டும், அந்தச் சூட்டில் பெயின்ட் போய்விடும். அலமாரியில் வைக்கப்போகும் பொருளுக்கு அரால்டைட் பசை போதும்.

கடைசியாக நிறமில்லாத மெழுகு ஒரு மெல்லிய பூச்சு. தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இங்கே உண்டு, அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் புதுப்பிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி, டப்பாவில் மீந்ததையும் கொடுத்தனுப்பினேன். முன்காலில் ஒளிர்ந்த அந்தத் திட்டை எடுக்கவில்லை. அவர் அப்பா தொட்டு வைத்த பெயின்டாக இருக்கும் என்றார், அப்படியே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.