செட்டிநாட்டு வெயிலில் போன்சாய்: சங்கத்தில் சேர்ந்து கற்க நினைப்பவர்களுக்கு

தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கிற போன்சாய் கலையைக் கற்றுக்கொள்ள ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். கத்தரி, கம்பி, தொட்டி எதுவும் இப்போது வாங்க வேண்டாம், பக்கத்தில் மரம் வளர்க்கிறவர்கள் யார் என்று முதலில் தேடிப் பிடியுங்கள். கம்பி கட்டுவது, வேர் வெட்டுவது, கிளை எடுப்பது எல்லாம் வீடியோ பார்த்தே முக்கால்வாசி புரிந்துவிடும். எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதுதான் அதில் கிடைக்காது. ஜப்பானிலோ இங்கிலாந்திலோ இருந்துகொண்டு ஒருவர் மார்ச்சில் தொட்டி மாற்றச் சொல்வார், அங்கே அது குளிர் விலகி மொட்டு விடுகிற நேரம், அவர் சொல்வது சரிதான். இங்கே மார்ச்சில் வேரை வெட்டினால் அது மண்ணைப் பிடிப்பதற்குள் சித்திரை வந்துவிடும், பின்னாலேயே கத்திரி.

எங்கள் சங்கம் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு வளவில் கூடுவோம். ரிடையரான வாத்தியார்கள், பேங்க்கில் வேலை பார்ப்பவர்கள், யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைகள், பல வருஷமாக மரம் வைத்திருக்கிற சில ஆச்சிமார்கள். ஆளுக்கு ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பேசுவோம், காப்பி வரும், மறுபடியும் பேசுவோம். பாடத்திட்டம், சர்டிபிகேட் எல்லாம் கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கிற வேலை சல்லடை. செங்கல்லை உடைத்துச் சலித்து மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் குருணையாக எடுக்க வேண்டும், தூளைக் கொட்டிவிட வேண்டும். இது என்னடா வேலை என்று தோன்றும். ஆனால் தட்டுத் தொட்டியில் மண் களிமண்ணாக இறுகினால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும், குருணையாக இருந்தால் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கி, பின்னாலேயே காற்று உள்ளே போகும். ஜப்பானில் இதற்கு அகடாமா என்று சுட்ட மண் போலக் கெட்டியான ஒரு களிமண் உருண்டையை வைத்துக்கொள்கிறார்கள். அதை இங்கே ஆன்லைனில் வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை. செங்கல் குருணை, பருமணல், கொஞ்சம் நன்றாக மக்கிய தொழு உரம், இது ஆலுக்கும், ஆலின் இனத்தைச் சேர்ந்த இச்சி மரத்துக்கும் தாராளமாகப் போதும். நம் ஊர்ச் செம்மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள், மழையில் குழைந்து வெயிலில் கல்லாகிவிடும்.

எந்த மரத்தில் ஆரம்பிப்பது என்றால், செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கிற வீடுகள், அவற்றின் மதிலிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் முளைத்து நிற்கிற அரசும் ஆலும் இச்சியும். சுண்ணாம்புக் காரையில் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் பத்து இருபது வருஷம் தவித்து வளர்ந்ததால் உயரம் முழங்கால் அளவுதான், அடிமரம் மட்டும் கிழமாகி முண்டும் முடிச்சுமாக இருக்கும். நர்சரியில் காசு கொடுத்தாலும் அப்படி ஓர் அடிமரம் கிடைக்காது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், போன் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ச்மேனிடம் மட்டும் சொல்லிவிட்டு எடுப்பது சரியில்லை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அந்த வேர் சுவரைப் பிளந்துகொண்டிருப்பது அவர்களுக்கும் தெரியும். அரசமரத்தைத் தொடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், அங்கே வாதாடாமல் இச்சியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எடுக்கிற காலம் ஆவணி, புரட்டாசி. சாயங்கால இடிமழை ஆரம்பித்து, சூடும் ஈரமும் சேர்ந்து இருக்கிற நாட்கள். சுவரில் இருப்பதற்கு ஒரே ஒரு நீள வேர்தான் இருக்கும், முழுசாக வராது, அறுந்துதான் வரும். கவலை வேண்டாம், இச்சி வெட்டிய இடத்திலிருந்தே வேர் விடுகிற சாதி. ஒட்டியிருக்கிற காரையைக் கழுவி, பால் வடிவது நிற்கும் வரை விட்டுவிட்டு, இலையை முக்கால்வாசி எடுத்து, செங்கல் குருணையில் ஆடாமல் நட்டு நிழலில் வையுங்கள். ஆட்டினால் புது வேர் அறுந்துவிடும், அதனால் கயிறு போட்டுத் தொட்டியோடு கட்டிவிடுவது நல்லது. துளிர் வந்தவுடன் கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அடுத்த மழைக்காலம் வரை அது பாட்டுக்கு வளரட்டும்.

கம்பி கட்டுவதை மட்டும் கட்டாயம் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்க வேண்டும். படிக்கும்போது விதி சுலபமாகத்தான் இருக்கும். கம்பியின் கனம் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுற்று 45 டிகிரி சாய்வு, ஒரே கம்பியால் அடுத்தடுத்த இரண்டு கிளைகள். ஆனால் வளைக்கும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்பது பார்த்தால்தான் தெரியும். எங்கள் சங்கத்து ஆச்சி ஒருவர் வளைவின் உட்பக்கம் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, வெளிப்பக்கத்தைக் கம்பியின் ஒரு சுற்று சரியாகத் தாங்கும்படி பார்த்துக்கொண்டு, மெதுவாக அழுத்துவார். கிளை விரிகிற இடம் வெளிப்பக்கம்தான், அங்கே கம்பி இல்லையென்றால் பட்டை கிழியும். "தம்பி, காதைப் பக்கத்துல வச்சுக்க, முறியிற சத்தம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்து" என்பார். அதற்கு முன்னால் மெல்லிய நெறுநெறுப்பு ஒன்று வரும், அதோடு நிறுத்திவிட்டு மிச்ச வளைவை ஒரு மாதம் கழித்துச் செய்ய வேண்டும். இந்தச் சத்தம் எந்த வீடியோவிலும் கேட்காது, பின்னால் மியூசிக் ஓடிக்கொண்டிருக்கும்.

கற்கும்போது அலுமினியக் கம்பி போதும், செம்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இச்சி மடமடவென்று பருக்கும், வாரம் ஒரு தரம் கம்பியைப் பாருங்கள், பட்டையில் பதிய ஆரம்பித்தால் சுற்றுச் சுற்றாக வெட்டி எடுத்துவிடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கிறேன் என்று திருகிப் பிரித்தால் கிளை முறியும்.

விழுது விடவைப்பதற்கும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஆலிலும் இச்சியிலும் கிளையின் அடியில் வெள்ளையாக ஊசிமுனை மாதிரி வேர் எட்டிப் பார்க்கும். ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி அந்த வேரை உள்ளே விட்டு, ஸ்ட்ராவின் அடியை மண்ணில் ஊன்றிவிட்டால் உள்ளே ஈரம் நிற்கும், வேர் வழி தவறாமல் இறங்கும். மண்ணைத் தொட்டுவிட்டால் பிறகு அதுவே பருத்துத் தூணாகிவிடும். மாசியில் இதை முயன்றால் முனை காய்ந்து கருகுவதைத்தான் பார்க்கலாம்.

சித்திரை வைகாசியில் செய்ய வேண்டியது மரத்தைக் காப்பாற்றுவது மட்டுமே. மாடித் தரையில் தொட்டியை நேராக வைக்காமல் பலகையில் தூக்கி வைத்து, மேலே பச்சை வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அதை நிறைய ஊற்றி மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்து வெளியேற்றலாம். தொட்டிக்கு மானாமதுரை மண்பாண்டக்காரர்களிடம் அளவு சொல்லிச் செய்யச் சொல்லலாம், அடியில் பெரிய ஓட்டைகள் வேண்டும் என்பதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

ஊருக்கு ஏற்ற மாதிரிதான் செய்ய வேண்டும் என்பது நாமாகச் சொல்வதும் இல்லை. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் நல்ல தண்ணீரும் மண்ணும் காற்றும் இருக்கிற இடம் தேடி ஓமியாவுக்குப் போய் 1925-ல் ஒரு கிராமமாகவே குடியேறினார்கள். நாம் ஊரை மாற்ற முடியாது, மரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானிய மேப்பிள் குளிர்காலம் இல்லாமல் இங்கே தாக்குப்பிடிக்காது. புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ இருக்கும்போது அதற்கு ஏன் ஏங்க வேண்டும்? 'போன்சாய் விதை' என்று பாக்கெட்டில் விற்பதையும் வாங்காதீர்கள், அப்படி ஒரு விதையே கிடையாது, சாதாரண மர விதைதான்.

உங்கள் ஊரில் ஒரு சங்கம் இருந்தால் சேருவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அலங்கரித்து வைத்த கண்காட்சி மரத்தை மட்டும் காட்டிவிட்டு அனுப்புகிறார்களா, கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்ப் பாதியில் நிற்கிற மரம், காய்ந்துபோன மரம் எல்லாவற்றையும் காட்டுகிறார்களா? இரண்டாவது மாதிரி ஆட்களிடம் போங்கள். போனால், யாராவது ஒரு கிளையை வெட்டும்போது ஏன் அதை, ஏன் இப்போது என்று கேளுங்கள், கேட்டதை மாதத்தோடு எழுதி வையுங்கள், தமிழ் மாதமாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வெளியூர் போகும்போது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்ற கவலைக்கும் சங்கம்தான் வழி. கோடையில் இரண்டு நாள் வீட்டைப் பூட்டினாலும் தட்டுத் தொட்டி தாங்காது. எங்களில் யாராவது ஊருக்குப் போனால் மரங்களை இன்னொருவர் வீட்டு வளவில் இறக்கிவிட்டுப் போவோம். தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம் போகிறவர்கள் எங்களில் நிறைய, அதனால் தை மாதம் மட்டும் நடக்காதவர்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.