செயின்சா: ஸ்டீலா (Stihl), ஹஸ்க்வர்னாவா?

2018 நவம்பரில் கஜா புயல் எங்க தென்னந்தோப்பைச் சாய்த்தபோது, மரம் அறுக்க ஆள் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தோம். மரம் அறுக்கச் சொந்தமாக ஒரு செயின்சா மிஷின் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தது. இப்போதுதான் கைகூடியிருக்கிறது.

கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஸ்டீல் எம்.எஸ். 261 சி-எம், ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. மார்க் 2. இரண்டும் 50 சிசி, இரண்டுக்கும் 3 கிலோவாட் சக்தி. பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பதும் ஒரே அளவுதான், 50க்கு 1. கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் இரண்டிலும் உண்டு.

எடைதான் கொஞ்சம் வித்தியாசம். ஸ்டீல் 4.9 கிலோ, மற்றது 5.3. நானூறு கிராம்தானே என்று கடையில் தோன்றும். குனிந்தபடி பத்து மரம் துண்டு போட்டால் இடுப்பு சொல்லும்.

இன்னொன்று, தென்னை நார் செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அடிக்கடி அரம் போடணும், செயினும் மாற்றணும். எங்க ஊர்ப் பக்கம் ஸ்டீலுக்கு செயினும், அது ஓடுகிற பாரும் கேட்டவுடன் கிடைக்கிறது, பழுது பார்க்கவும் ஆள் இருக்கிறார். ஹஸ்க்வர்னா கிட்டத்தில் கிடைக்கிற ஊராக இருந்தால் அதையே வாங்கியிருப்பேன், அருமையான மிஷின்.

ஸ்டீல் வாங்கிவிட்டேன். கூடவே ஹெல்மெட், கண்ணாடி, காலுக்குப் பாதுகாப்பு பேன்ட். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.