லைப்சிக், 1989: வாசிப்புக் குறிப்புகள்

அக்டோபர் 3

கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசி ஆண்டைப் பற்றி, குறிப்பாக லைப்சிக் நகரத்து மக்கள் போராட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் அரசின் வேட்பாளர் பட்டியலுக்கு 98.85 சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்தத் தேர்தல்களை யாரும் பெரிதாக நம்பியதில்லை. ஆனால் இந்த முறை தேவாலயக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் வாக்கு எண்ணும் இடங்களுக்கே போய் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்கள். கணக்கு இடித்தது. அதுவரை வீட்டுக்குள் முணுமுணுத்த சந்தேகத்துக்குக் கையில் ஆதாரம் கிடைத்தது.

அக்டோபர் 5

ஸ்டாசி என்ற ரகசியக் காவல்துறையின் உளவு, பயணத் தடை, கார் வாங்கப் பல வருடக் காத்திருப்பு எல்லாம் பழைய குறைகள்தான். அப்புறம் ஏன் 1989இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்? செப்டம்பரில் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைத் திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாக மேற்கே வெளியேறினார்கள். லைப்சிக் தெருக்களில் "நாங்கள் இங்கேயே இருப்போம்" என்ற முழக்கம் எழுந்தது. அதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போகிறவர்களை ஆட்சி துரோகி என்று சொல்லிவிடலாம். இருந்துகொண்டே கேள்வி கேட்பவர்களை என்ன சொல்லும்?

அக்டோபர் 6

தைமூர் குரான் என்ற பொருளியலாளரின் விளக்கம்: சர்வாதிகாரத்தில் மக்கள் மனதில் உள்ளதை மறைக்கிறார்கள், போதுமான பேர் தெருவுக்கு வந்த பிறகுதான் மற்றவர்களும் துணிகிறார்கள். கூட்டம் பெருகியதற்கு இது சரி. ஆனால் செப்டம்பர் 4 அன்று லைப்சிக்கின் நிக்கோலாய் தேவாலயத்துக்கு வெளியே பதாகை விரித்தவர்களுக்கு முன்னால் எந்தக் கூட்டமும் இல்லையே! அங்கே 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்கான பிரார்த்தனை நடந்துவந்தது. வருடக்கணக்கில் பழகிய முகங்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களை முதலில் இறங்க வைத்தது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9

1989இல் இதே தேதியில்தான் லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். தேவைப்பட்டால் ஆயுதத்தோடு அடக்குவோம் என்று மூன்று நாள் முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் மிரட்டல் கடிதம் வந்திருந்தது. சீனாவில் போராடியவர்களைச் சுட்டுக் கொன்ற தியானன்மென் படுகொலை நடந்து நான்கே மாதம். பிள்ளைகளுக்காக ஒருவராவது வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்த தம்பதிகளும் உண்டு. அப்படியும் வந்தார்கள். "நாங்களே மக்கள்", "வன்முறை வேண்டாம்" என்று முழங்கினார்கள். இசை நடத்துநர் குர்ட் மசூர் உட்பட ஆறு பேரின் அமைதி வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

அக்டோபர் 10

அந்த 9ஆம் தேதிக் கூட்டத்தை ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இரண்டு பேர் ரகசியமாகப் படமெடுத்தார்கள். மறுநாள் அது மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் வந்தது. கிழக்கிலும் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். அடுத்த திங்கள் லைப்சிக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். அக்டோபர் 18 அன்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனேக்கர் பதவி விலகினார்.