வழவழப்பு

"குழாய்க்கு உள்ளே விரலை விட்டுப் பாருங்க தம்பி, எப்படி வழுக்குது!"

கேன் தண்ணீர் வைக்கும் ஸ்டாண்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த அக்கா சொன்னார். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

விட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் விரல் வழுக்கியது.

அது பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட படலம். பயோஃபிலிம்.

பல இனங்கள் இந்த மாதிரி வேலைகளைத் தனியாகத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். கூட்டம் குறைவென்றால் அது கரைந்து போய்விடும். பெருகப் பெருகச் செறிவு ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் ஒரே சமயத்தில் மரபணுக்கள் முடுக்கப்படும். கோரம் சென்சிங் என்கிறார்கள்.

1970-ல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதை ஒளிரும் கடல் பாக்டீரியாவில் கண்டார்கள். கூட்டம் சேரும்வரை அது விளக்கைப் போடுவதில்லை!

எனக்குப் பிடித்தது ஹவாய்க் கடலின் குட்டிக் கணவாய். இந்த வகை பாக்டீரியாவை வயிற்றுப் பக்கம் குடிவைத்து, அந்த வெளிச்சத்தால் நிலா வெளிச்சத்தில் தன் நிழல் விழாமல் மறைந்துகொள்கிறது. விடிந்ததும் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பவை இரவுக்குள் மறுபடி பெருகிவிடும். வாடகை வீடு மாறி அலுத்தவனுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

நோய்க்கிருமிகளும் இப்படித்தான் ஆள் சேர்க்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கூட்டம் சேர்ந்த பிறகே பல நச்சுகளை வெளியே விடுகிறது. கிருமியைக் கொல்லாமல், இந்த வேதிப் பேச்சை மட்டும் வெட்டும் மருந்துகளை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பானி பாஸ்லர் போன்ற விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கை மிட்டாய் மாதிரி விழுங்கும் நமக்கு அது சீக்கிரம் கிடைத்தால் தேவலை.